அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் தீர்ந்ததா?

திறமூல ரூட்டிங் மென்பொருளில் ரூட்டர் ஐடி சம்பந்தமாக யார் ஒரு பிழையைக் கொண்டுவந்தாலும் பதில் தயாராக இருக்கிறது: “கான்ஃபிக்கில் கையால் எழுதிவிட வேண்டியதுதானே?” கேட்டவர் புதியவர் என்றால் வாயடைத்துப் போவார். பழையவர் என்றால், தானும் யாருக்கோ இதே பதிலைச் சொன்னது நினைவுக்கு வந்து பேசாமல் நகர்ந்துவிடுவார். நானும் சொல்லியிருக்கிறேன், பல வருடம் சொல்லியிருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் திட்டில் பாதி எனக்கே உரியது.

அந்தப் பதிலுக்கு அடியில் ஒரு முழு நம்பிக்கை படுத்திருக்கிறது. ரூட்டர் ஐடி என்பது வெறும் 32 பிட் எண், அதில் என்ன வித்தை இருக்கப் போகிறது? அதைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் நிரல் என்றோ எழுதி முடிந்த கதை. விவரம் தெரிந்த எவரும் அதை நம்பி நெட்வொர்க் நடத்துவதில்லை. எனவே அங்கே வரும் பிழை பயனரின் அசட்டை, அதற்கான பேட்சை உட்கார்ந்து படிப்பது ரிவ்யூ செய்பவரின் நேரத்துக்குப் பிடித்த கேடு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு கண்ணிகூட இழுத்துப் பார்த்தால் தாங்காது.

எண் என்ற பேச்சையே முதலில் எடுத்துக்கொள்வோம். ரூட்டர் ஐடியை 10.255.0.7 என்று புள்ளி வைத்து எழுதுகிறோம். பார்த்தால் ஐபி முகவரி. பாதிக் குழப்பம் இந்தத் தோற்றத்தால் வருவது. முகவரிக்குப் பாக்கெட் போகும். ரூட்டர் ஐடிக்கு எதுவும் போக வேண்டியதில்லை, அது பெயர். ஐபிவி6-க்காக ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையைத் திருத்தி எழுதியபோது முகவரிகள் 128 பிட்டுக்கு வளர்ந்தன, பெயர் மட்டும் 32 பிட்டிலேயே நின்றது. இரண்டும் வேறு என்பதற்கு இதுவே போதும். ஆனால் ஆளில்லாத இடத்தில் தானே எழுந்து நிற்கிற ஓர் இயந்திரம் பெயருக்கு எங்கே போகும்? கையிலிருக்கும் முகவரிகளில் ஒன்றை எடுத்துப் பெயராக வைத்துக்கொள் என்று ஆரம்ப காலத்திலேயே ஒரு சௌகரியம் செய்துகொண்டார்கள். குடியிருக்கும் வீட்டின் கதவிலக்கத்தையே பிள்ளைக்குப் பெயராக வைத்த மாதிரி. வாடகை வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்தப் பெயர் வெறும் அடையாள அட்டையாக இருந்தாலும் விட்டுவிடலாம். ஆனால் அது பல இடங்களில் பஞ்சாயத்துத் தீர்ப்பாகவும் இருக்கிறது. ஓஎஸ்பிஎஃப்பில் ஒரே கம்பியில் இருக்கும் ரூட்டர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும்போது முன்னுரிமை சமமாக இருந்தால் பெரிய ரூட்டர் ஐடிக்காரரே தலைவர். இரண்டு ரூட்டர்கள் தரவுத்தளத்தைப் பரிமாறிக்கொள்ளும்போது யார் முன்னே பேசுவது என்பதும் அதே எண்ணால் தீரும். பிஜிபியில் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் அழைத்து இரண்டு இணைப்பு உண்டாகிவிட்டால், எதை வைத்துக்கொண்டு எதை வெட்டுவது என்று முடிவு செய்வதும் அந்த எண்தான். ஒரே இடத்துக்கு இரண்டு வழிகள் எல்லா வகையிலும் சமமாக வந்து நின்றால், கடைசிக் கட்டங்களில் ஒன்றாகச் சிறிய ஐடியிலிருந்து வந்த வழி வெல்லும். ஓரிடத்தில் பெரியது ஜெயிக்கிறது, இன்னோரிடத்தில் சிறியது. இதை ‘வெறும் எண்’ என்று சொல்ல எனக்கு இப்போது நாக்கு வருவதில்லை.

நிரலைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எஃப்ஆர்ரௌட்டிங் என்ற திறமூலத் தொகுப்பில் ஸீப்ரா என்றொரு மைய டீமன் உண்டு. இயந்திரத்தில் எந்த இன்டர்ஃபேஸில் எந்த முகவரி வந்தது, எது போனது என்று கெர்னலிடம் கேட்டுக்கொண்டே இருப்பது அதன் வேலை. அதற்குள் ரூட்டர் ஐடிக்கென்று தனிக் கோப்பு ஒன்று, 2004 பதிப்புரிமைக் குறிப்போடு, இதன் முன்னோடியான குவாகாவின் காலத்திலிருந்து வருவது. சின்னக் கோப்பு. அது இரண்டு பட்டியல்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கும். ஒன்றில் லூப்பேக் முகவரிகள், மற்றதில் மீதி முகவரிகள். 127-இல் தொடங்குபவற்றை ஒதுக்கிவிடும். நிர்வாகி எழுதிக்கொடுத்தது இருந்தால் அதை எடுக்கும். இல்லையென்றால் லூப்பேக் பட்டியலின் கடைசி, அதுவும் காலி என்றால் மற்றதன் கடைசி. வரிசை ஏறுமுகம் என்பதால் கடைசி என்பது ஆகப் பெரியது. முகவரி சேரும்போதும் நீங்கும்போதும் விடையை மறுபடி கணக்கிட்டு, மாறியிருந்தால் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி டீமன்களுக்குச் செய்தி அனுப்பும். அவ்வளவுதான். கல்லூரிப் பையனுக்கு ஒரு மாலை நேரத்து வேலை என்று தோன்றும்.

அந்தச் செய்தியை வாங்குகிறவர் என்ன செய்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓஎஸ்பிஎஃப் டீமன் ஸீப்ராவின் சொல்லை அப்படியே கேட்பதில்லை. கையால் எழுதியது இருந்தால் அதுவே முதல். இல்லையென்றால், ஏற்கெனவே எந்தப் பெயரில் இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். அதுவும் இல்லாதபோதுதான் ஸீப்ரா சொன்னதை ஏற்கும். ரூட்டர் ஐடியை மாற்றுவது பெரிய குழப்பத்தை உண்டாக்கும் என்பதால் இப்படி என்று நிரலுக்குள்ளேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் அனுபவப்பட்டவர். பிஜிபி டீமனும் இதே ஜாக்கிரதையோடு, அமர்வுகள் எழுந்து நிற்கும்போது ஸீப்ராவிலிருந்து புதுப் பெயர் வந்தால் சட்டென்று தாவாமல் இருக்கப் பார்க்கும். பிஜிபியில் பெயர் மாறினால் அமர்வுகளை உடைத்துத்தான் திரும்பக் கட்ட முடியும்.

இந்தப் புத்திசாலித்தனத்தின் விலையையும் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்கிறது என்றேன். எங்கே பிடித்துக்கொள்கிறது? நினைவகத்தில். மின்சாரம் போனால் நினைவும் போயிற்று. ஆறு மாதம் முன்பு யாரோ ஒரு வேலைக்காக ஓர் இன்டர்ஃபேஸில் பெரிய முகவரி ஒன்றைச் சேர்த்தார் என்று வையுங்கள். அன்று ஒன்றும் நடக்காது, ஓஎஸ்பிஎஃப் பழைய பெயரிலேயே ஓடும். எல்லாரும் மறந்திருப்பார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கெர்னல் புதுப்பிப்புக்காக ரீபூட். எழுந்து வரும் ரூட்டருக்கு வேறு பெயர். கண்காணிப்பு மென்பொருள் பழைய பெயரைத் தேடி அலறும், தலைவர் தேர்தலில் வேறு ஆள் ஜெயித்திருப்பார், பணியில் இருப்பவர் அன்றைய புதுப்பிப்பையே சந்தேகித்துக்கொண்டிருப்பார். காரணமோ ஆறு மாதம் பழையது.

பெயர் மாறினால் பழைய பெயர் ஒழிந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. ஓஎஸ்பிஎஃப் ரூட்டர் தன் பெயரில் வெளியிட்ட அறிக்கைகள் பகுதியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரின் தரவுத்தளத்திலும் பதிந்து கிடக்கும். அவற்றைத் திரும்பப் பெறாமல் பெயரை மாற்றிக்கொண்டு எழுந்தால், பழைய அறிக்கைகள் அதிகபட்ச வயதான 3,600 வினாடியை எட்டும் வரை ஆவி போல அங்கேயே இருக்கும். 1998 ஏப்ரலில் ஜான் மோய் எழுதிய ஆர்எஃப்சி 2328 இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஐடியை மாற்றுவதென்றால் மென்பொருளை மறுதுவக்கம் செய், அதற்கு முன் உன் அறிக்கைகளைத் துடைத்துவிடு. அதே ஆவணத்தில் இன்னொரு மூலையில், தன் முகவரியோடு ஆனால் வேறு பெயரில் ஒரு நெட்வொர்க் அறிக்கை திரும்பி வந்தால், அது உன் முந்தைய பெயரில் நீயே அனுப்பியதாக இருக்கும், எடுத்து அழித்துவிடு என்றும் இருக்கிறது. முந்தைய பிறவியின் கடனை இந்தப் பிறவியில் தீர்க்கச் சொல்லும் விதி. ஒரு எண்ணுக்கு இத்தனை பத்தி எதற்கு என்று அதை எழுதியவர்களை யாரும் கேட்கவில்லை.

‘கையால் எழுதிவிடு’ என்ற பரிகாரத்துக்கு வருகிறேன். இதன் முழு பலத்தையும் ஒப்புக்கொண்டே எதிர்க்கிறேன். பெரிய நெட்வொர்க்கில் கையால் எழுதுவதே சரி, நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அது பிழையைத் தீர்க்கும் மருந்து என்ற பேச்சு வேறு.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ரூட்டர் ஐடியை எழுதாத கான்ஃபிக்கே கிடையாது. அவ்வளவு கட்டுப்பாடு. ஒரு நாள் ஒரு கிளையிலிருந்து புகார்: எல்லா இடத்துக்கும் போகிறது, ஒரே ஒரு கிளைக்கு மட்டும் போகவில்லை. அந்தக் கிளையைக் கேட்டால் அவர்களுக்கும் அதே கதை, இந்த ஒரு கிளை மட்டும் தெரியவில்லை. மையத்தில் ரூட் ரிஃப்ளெக்டர். இரண்டு கிளைகளோடும் அமர்வு எழுந்து நிற்கிறது, இரண்டின் வழிகளும் மையத்தில் இருக்கின்றன, மற்ற எல்லாக் கிளைகளுக்கும் போய்ச் சேருகின்றன. ஃபயர்வாலைத் திட்டினோம், எம்டியூவைச் சந்தேகித்தோம், டீ குடித்தோம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு கான்ஃபிக்கையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தார். புதுக் கிளையின் இயந்திரம் பழைய கிளையுடையதின் நகல். முகவரி, பக்கத்து ரூட்டர், கடவுச்சொல் எல்லாம் மாற்றியிருந்தார்கள். ரூட்டர் ஐடி வரி மட்டும் அப்படியே.

என்ன நடந்தது என்பது 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4456-ஐப் படித்தவர்களுக்குப் புரியும். ரிஃப்ளெக்டர் ஒரு வழியைப் பிரதிபலிக்கும்போது, அதைப் பிறப்பித்தவரின் ரூட்டர் ஐடியை அதன்மேல் ஒட்டி அனுப்பும். தன் ஐடியே ஒட்டியிருக்கும் வழி ஒன்று வந்தால், அது தன்னிடமிருந்து கிளம்பிச் சுற்றித் திரும்பி வந்தது என்று எண்ணி ரூட்டர் கீழே போட்டுவிட வேண்டும். சுற்றுப்பாதையைத் தடுக்க நல்ல விதி. இங்கே இரண்டு பேருக்கு ஒரே பெயர். ஒருவர் சொன்னதை மற்றவர் ‘இது நான் சொன்னது’ என்று தள்ளிவிட்டார். நெறிமுறை சரி, நிரல் சரி. தப்பு கையால் எழுதிய அந்த ஒரு வரியில். தானாகத் தேர்ந்தெடுக்க விட்டிருந்தால், கிளைக்குக் கிளை லூப்பேக் முகவரி வேறாக இருந்ததால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

உடனே எதிர்க்கட்சி சொல்லும்: அப்படியானால் தானியங்கித் தேர்வு மட்டும் யோக்கியமா? அதுவும் இல்லைதான். டாக்கர் நிறுவிய லினக்ஸ் இயந்திரங்களில் தானாக உருவாகும் பிரிட்ஜுக்கு வழக்கமாக 172.17.0.1 என்ற முகவரி வந்துவிடும். எல்லா இயந்திரத்திலும் அதே முகவரி. உங்கள் நெட்வொர்க் 10-இல் தொடங்கும் முகவரிகளில் இருந்து, லூப்பேக்கில் தனி முகவரி வைக்காமல் விட்டிருந்தால், ஆகப் பெரியது எது? ஒவ்வொரு இயந்திரமும் தனக்கு 172.17.0.1 என்று பெயர் சூட்டிக்கொள்ளும். மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் லிப்வர்ட் உண்டாக்கும் பிரிட்ஜின் 192.168.122.1-உம் இதே ரகம். பக்கத்துப் பக்கத்து ரூட்டர்கள் இரண்டுக்கு ஓஎஸ்பிஎஃப்பில் ஒரே ஐடி அமைந்தால், ஒன்று அனுப்பும் ஹலோவை மற்றது தன்னுடையதே திரும்பி வந்ததாக நினைத்துச் சத்தமில்லாமல் எறிந்துவிடுவதுதான் பழைய வழக்கம். அண்டை உறவே உண்டாகாது. பதிவேட்டில் ஒரு வரி இருக்காது. பயனர் எதைத் தேடுவார்?

இங்கேதான் பராமரிப்பு என்ற சொல்லுக்கு வேலை வருகிறது. இரண்டு பேருக்கு ஒரே பெயர் என்று சந்தேகம் வந்த கணத்தில் பதிவேட்டில் ஒரு எச்சரிக்கை வரி எழுத வேண்டும். அது பத்து வரிப் பேட்ச். அதைக் கொண்டுவருபவரிடம் “கையால் எழுதிவிட வேண்டியதுதானே” என்று சொல்வது, கையால் எழுதித் தவறிழைத்தவரையும் சேர்த்தே இருட்டில் விடுவது. எங்கள் இரண்டு மணி நேரத்தை அந்த ஒரு எச்சரிக்கை வரி இரண்டு நிமிடமாக்கியிருக்கும்.

கையால் எழுதினால் அந்த நிரல் ஓடவே ஓடாது என்ற எண்ணமும் பிழையானது. எழுதிய வரியை ஒரு நாள் எடுப்பார்கள். எடுத்த கணத்தில் என்ன நடக்க வேண்டும்? பழைய பெயரோடே நீடிப்பதா, ஸீப்ராவின் பரிந்துரைக்குத் தாவுவதா, தாவினால் எழுந்து நிற்கும் அமர்வுகளை என்ன செய்வது? அண்டை உறவுகள் முழுமையாக இருக்கும்போது ஓஎஸ்பிஎஃப்பில் ஐடியை மாற்றினால், செயல்முறையை நீங்களே துடைத்துத் தொடங்கினால்தான் இது நடைமுறைக்கு வரும் என்று எஃப்ஆர்ரௌட்டிங் உங்களிடம் சொல்லும். அந்தச் செய்தி வானத்திலிருந்து விழவில்லை. இன்னும் விஆர்எஃப் இருக்கிறது: ஒரே பெட்டிக்குள் பல தனித்தனி ரூட்டிங் உலகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒரு விஆர்எஃப்பை அழித்து அதே பெயரில் மறுபடி உருவாக்கினால் முன்பு எழுதிய ஐடி ஒட்டிக்கொண்டு வர வேண்டுமா? டீமன் எழும்போது கான்ஃபிக் முதலில் வந்து ஸீப்ராவின் செய்தி பிறகு வந்தால்? செய்தி முதலில் வந்தால்? இந்த நிரலின் பிழைகள் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. எது முன், எது பின் என்பதில் வருகின்றன. படித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத ரகம்.

கணக்கிலும் ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். 10.0.0.9, 10.0.1.1 இரண்டில் எது பெரியது? பின்னது. ஆனால் நெட்வொர்க்கில் வரும் பைட் வரிசையைத் திருப்பாமல் இன்டெல் இயந்திரத்தில் அப்படியே எண்ணாகப் படித்தால் முன்னது பெரியதாகிவிடும், கடைசி பைட்தான் அங்கே தலைமை பைட். திருப்பும் அந்த ஒரு அழைப்பை யாராவது சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நீக்கிவிட்டால் என்ன ஆகும்? சோதனைக்கூடத்தில் ஒன்றும் ஆகாது. இரண்டு பக்கமும் அதே மென்பொருள், அதே தப்பான முடிவுக்கு ஒற்றுமையாக வரும், சோதனை பச்சை காட்டும். வேறு ஒருவரின் ரூட்டரோடு பேசும்போதுதான் விவகாரம். பிஜிபியில் இரண்டு இணைப்பு மோதும்போது பெரிய ஐடிக்காரர் தொடங்கிய இணைப்பே நிலைக்க வேண்டும். இருவருமே தன்னைப் பெரியவர் என்று நினைத்தால், ஒவ்வொருவரும் மற்றவருடையதை வெட்டுவார்கள், இரண்டும் போகும். மீண்டும் முயல்வார்கள், சில சமயம் மோதும், சில சமயம் மோதாது. எப்போதாவது வரும் கோளாறு என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டு நாம் வேறு வேலை பார்ப்போம். இரண்டு ஐடிகளையும் ஹோஸ்ட் பைட் வரிசைக்கு மாற்றியே ஒப்பிட வேண்டும் என்று ஆர்எஃப்சி 4271 தனியாக ஒரு வாக்கியம் செலவழித்துச் சொல்வது காரணமில்லாமல் இல்லை.

‘எழுதி முடிந்த கதை’ என்ற வாதத்துக்கு நெட்வொர்க் உலகமே பதில் சொல்லிவிட்டது. முகவரிகளில் ஒன்றை எடுத்துப் பெயராக்கு என்ற சௌகரியம் இயந்திரத்தில் ஐபிவி4 முகவரி ஒன்றாவது இருக்கும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. ஐபிவி6 மட்டுமே உள்ள இயந்திரத்தில் இரண்டு பட்டியலும் காலி, விடை 0.0.0.0. அந்தப் பெயரோடு பிஜிபி கதவைத் தட்டினால் எதிர்ப்பக்கம் அடையாளம் செல்லாது என்று திருப்பி அனுப்பும். பிஜிபி ஐடி ஒரு செல்லுபடியாகும் ஐபி முகவரியாகவே இருக்க வேண்டும் என்றிருந்த பழைய நிபந்தனையை 2011 ஜூனில் ஆர்எஃப்சி 6286 தளர்த்தியது: பூஜ்யமில்லாத 32 பிட் எண், ஒரே தன்னாட்சி அமைப்புக்குள் தனித்துவமாக இருந்தால் போதும். தரத்தை எழுதுபவர்கள் பெயரை முகவரியிலிருந்து பிரித்துவிட்டார்கள். பிரிந்ததை நிரலுக்குள் கொண்டுவருவது யார் வேலை? ‘முடிந்த’ நிரலைத் திறக்கிறவர் வேலை.

திறந்தவர்கள் இருக்கிறார்கள். குபெர்னெட்டீஸ் கூட்டங்களில் ஓடும் காலிகோ, ஐபிவி4 இல்லாத கணுவில் கணுப் பெயரை ஹேஷ் செய்து நான்கு பைட் ஐடி உண்டாக்கிக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறது. நல்ல யோசனை. கணக்கையும் போட்டுவிடலாம். 32 பிட் என்றால் சுமார் 429 கோடி பெயர்கள், ஏராளம் என்று தோன்றும். 1,000 கணுக்களில் எங்காவது இரண்டுக்கு ஒரே பெயர் அமையும் வாய்ப்பு ஏறக்குறைய 8,600-இல் ஒன்று, கவலையில்லை. 10,000 கணுக்கள் என்றால் அதுவே 1 சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்போது மோதலைக் கண்டுபிடிக்கவும் யார் விட்டுக்கொடுப்பது என்று தீர்க்கவும் நிரல் வேண்டும். வீட்டு நெட்வொர்க்குகளை மனத்தில் வைத்து 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7503 அதைத்தான் செய்தது. ரூட்டர் ஐடியை ஏறத்தாழக் குலுக்கல் முறையில் எடுத்துக்கொள், வன்பொருளின் கைரேகை மாதிரி ஒன்றைக் கூடவே வெளியிடு, இரண்டு பேருக்கு ஒரே ஐடி வந்தால் கைரேகையை ஒப்பிட்டு ஒருவர் வேறு ஐடிக்கு மாறிக்கொள்ளட்டும். ஆளே இல்லாத வீட்டில் “கையால் எழுதிவிடு” என்று யாரிடம் சொல்வது என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

எதிர்க்கட்சியிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. பழைய நிரலில் கை வைப்பது ஆபத்து, தேர்வு முறையை ‘மேம்படுத்தினால்’ புதுப் பதிப்பை நிறுவிய மறுநாள் ஊரெல்லாம் பெயர் மாறியிருக்கும் என்பது. முழு உண்மை. எஃப்ஆர்ரௌட்டிங் ஆகப் பெரிய முகவரியை எடுக்கிறது. பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகப் பிறந்து இன்று பல இணையச் சந்திப்பு மையங்களில் ரூட் சர்வராக ஓடும் பேர்ட், லூப்பேக் அல்லாதவற்றில் ஆகச் சிறியதை எடுக்கிறது. எது சிறந்தது என்று இனி விவாதிப்பதில் பொருளில்லை, இரண்டையும் நம்பி ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் ஓடுகின்றன. தேர்வு விதியைத் தொடாதே என்றால் நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் விதியைத் தொடாமல் இருக்க வேண்டுமென்றால் அந்த நிரல் நன்றாகத் தெரிந்த ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். யாரும் பார்க்காத நிரல் தானாகவே மாறாமல் இருக்கும் என்று நினைப்பவர்கள் பெரிய திட்டங்களில் வேலை செய்ததில்லை. சுற்றியிருக்கும் நிரல் மாறும், பட்டியல் வகை மாறும், விஆர்எஃப் அழியும் வரிசை மாறும், நடுவில் இது மட்டும் பழைய அனுமானத்தோடு உட்கார்ந்திருக்கும்.

இந்தத் தொகுப்பின் வம்சாவளியே சாட்சி. 1996-இல் குனிஹிரோ இஷிகுரோ தொடங்கிய ஸீப்ரா. அது தேங்கியபோது பிரிந்தது குவாகா. 1883-இல் ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிசாலையில் கடைசி உயிரும் மறைந்து அற்றுப்போன வரிக்குதிரை இனத்தின் பெயர் அது, இதைவிட அபசகுனமான பெயரை வைத்திருக்க முடியாது. குவாகாவில் பேட்ச்கள் குவிந்து தேங்கின. 2017-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் எஃப்ஆர்ரௌட்டிங் பிரிந்து வந்தது. இன்று மைக்ரோசாஃப்ட் தொடங்கிய சோனிக், வையாஸ், குமுலஸ் லினக்ஸ் எல்லாவற்றின் அடியிலும் இதுதான் ஓடுகிறது. இரண்டு பிரிவினைக்கும் பின்னால் புது வசதி கேட்டவர்கள் இருந்தார்கள், உண்மை. ஆனால் கிடப்பில் போட்ட திருத்தங்களைச் சுமந்துகொண்டு அலைந்தவர்களும் இருந்தார்கள் என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

சோதனைகளையும் பார்த்துவிடுங்கள். எஃப்ஆர்ரௌட்டிங்கில் ஒரே லினக்ஸ் இயந்திரத்துக்குள் பல ரூட்டர்களை எழுப்பிப் பேசவைத்துப் பார்க்கும் சோதனைகள் ஏராளம், அருமையான ஏற்பாடு. நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை ரூட்டர் ஐடியைக் கையால் எழுதிவிட்டே தொடங்குகின்றன. விடை ஒவ்வொரு முறையும் ஒன்றாக வர வேண்டும் என்பதற்காக. அதில் தப்பில்லை. ஆனால் விளைவு என்ன? நிபுணர்கள் நடக்கும் பாதை ஆயிரம் முறை சோதிக்கப்படுகிறது. ரூட்டர் ஐடி என்றால் என்னவென்றே தெரியாமல் இரண்டு வரி கான்ஃபிக் எழுதி எழுப்புகிற புதியவர் நடக்கும் பாதை சோதனையில் அபூர்வமாகவே வருகிறது. பிறகு அவர் இடறி விழுந்து வந்து சொன்னால், நாம் போன பாதையில் ஏன் வரவில்லை என்று கேட்கிறோம்.

ஆகவே பராமரிப்பவர்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த முறை ரூட்டர் ஐடி பேட்ச் ஒன்று வந்தால், அதோடு ஐடி வரியே இல்லாத ஒரு சோதனையையும் கேளுங்கள்: முகவரியைச் சேர்த்து, எடுத்து, டீமனை மறுதுவக்கம் செய்து, ஒவ்வொரு படியிலும் பெயர் என்னவாக இருக்கிறது என்று பார்க்கும் சோதனை. எழுத ஒரு பிற்பகல் ஆகும்.

நெட்வொர்க் நடத்துபவர்களுக்கு அதைவிடச் சின்ன வேலை. எஃப்ஆர்ரௌட்டிங்கின் கட்டளை முனையில் ‘ஷோ ஐபி ரூட்டர்-ஐடி’ என்று கேட்டு ஸீப்ரா சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப்’ கேட்டு அது காட்டும் எண்ணையும் பாருங்கள். ஐடியை நீங்கள் எங்கும் கையால் எழுதாதிருந்து இரண்டும் வேறாக இருந்தால், அடுத்த ரீபூட்டில் அந்த ரூட்டர் வேறு பெயரோடு எழும்.